கானுயிர்ப் படப் போட்டிகள் வளர்ந்த வரலாறு



கோலப் போட்டி நடந்தால் கோலம் எப்படி இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். போட்டவர் எத்தனை மணிக்கு எழுந்தார், மாவை எந்தக் கடையில் வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி எல்லாம் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் படமெடுக்கும் போட்டிகளில் நடுவர்கள் படத்தை மட்டும் பார்த்துவிட்டு விடுவதில்லை. இந்த விலங்கு காட்டில் தன் விருப்பப்படி திரிந்ததா, கூண்டில் வளர்ந்ததா? இரை காட்டி அழைத்தீர்களா? கூட்டருகே எவ்வளவு நேரம் நின்றீர்கள்? காமிராவுக்குள் பதிந்த மூலப் பதிவு எங்கே? இப்படிப் படமெடுத்தவரைக் குறுக்கு விசாரணையே செய்கிறார்கள். மாலை போட்டு, விருது கொடுத்து, கை குலுக்கிய பிறகுகூட, பதில் சரியில்லை என்று தெரிந்தால் விருதைத் திரும்பப் பெறுகிறார்கள்.

இந்தக் கேள்விகள் ஒரே நாளில் ஒரே மேசையில் எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் எங்கோ, எப்போதோ நடந்த ஒரு செய்தி இருக்கிறது. அந்தச் செய்திகளைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் டாகுவேர் என்பவர் தம் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தபோது, ஒரு படம் பதிவாகப் பல நிமிடங்கள் பிடித்தன. கட்டடம் அசையாமல் நிற்கும், மலை நிற்கும். மான் நிற்குமா? ஆகையால் முதன்முதலில் படத்துக்குள் வந்த விலங்குகள் பெரும்பாலும் செத்தவை, அல்லது பாடம் செய்து பஞ்சடைத்தவை, அல்லது காட்சிச்சாலையில் சோம்பிப் படுத்திருந்தவை. 1852இல் மோன்டிசோன் பிரபு என்ற ஸ்பானிய அரச குடும்பத்தவர் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு நீர்யானையைப் படமெடுத்தார். நைல் நதியில் குட்டியாகப் பிடிபட்டு 1850இல் இலண்டன் வந்து சேர்ந்த அந்த நீர்யானைக்கு ஓபேஷ் என்று பெயர். படத்தில் அது நிம்மதியாகப் படுத்துக் கிடக்கிறது. கம்பிகளுக்கு அப்பால் மக்கள் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். கூண்டுக்குள் இருப்பது யார் என்று பார்ப்பவருக்கே சந்தேகம் வந்துவிடும்! அது அசையாமல் படுத்திருந்ததால்தான் அந்தப் படமும் நமக்குக் கிடைத்தது.

1871இல் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் உலர்தட்டு முறைக்கு வழி காட்டினார். அதற்குமுன் தட்டில் இரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். இருட்டறையையே கூடாரமாகத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் அலைவது எத்தனை பேருக்கு இயலும்? உலர்தட்டு வந்த பிறகு காமிராவைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கும் காட்டுக்கும் போக முடிந்தது.

அப்படிப் போனவர்களுள் முதலில் சொல்ல வேண்டியவர்கள் கியர்ட்டன் சகோதரர்கள். ரிச்சர்ட், செர்ரி என்ற இந்த இருவரும் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் மலைப்புறத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர்கள். 1892இல் ஒரு பறவைக் கூட்டையும் அதிலிருந்த முட்டைகளையும் படமெடுத்தார்கள். 1895இல் பறவைக் கூடுகளைப் பற்றி அவர்கள் வெளியிட்ட நூலில் படங்கள் எல்லாமே இயற்கையில் நேராக எடுத்த புகைப்படங்கள். பறவைகள் பயந்து பறந்துவிடாமல் இருக்க அவர்கள் செய்த தந்திரங்கள் கேட்கச் சுவையானவை. மாட்டுத்தோலைப் பாடம் செய்து, உள்ளே கூடாக வைத்து, ஆள் அதற்குள் புகுந்துகொண்டு காமிராவோடு காத்திருப்பது அவற்றுள் ஒன்று. மேய்ச்சல் வெளியில் மாடு நிற்பதைப் பறவை பொருட்படுத்துவதில்லை அல்லவா? மனிதன் தன்னை ஒளித்துக்கொண்டான்; பறவைக்கு ஒரு தொல்லையும் இல்லை. இன்று காட்டுயிர்ப் படத்துக்கு நல்ல முறை என்று எதைச் சொல்கிறோமோ, அதன் விதை இந்தத் தோல்மாட்டுக்குள் இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இதே காலத்தில் ஜார்ஜ் ஷைராஸ் என்ற வழக்கறிஞர் இரவு நேரத்தைக் கையிலெடுத்தார். பிற்பாடு அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர் இவர். மிச்சிகன் மாநிலத்து ஏரிகளில் இரவில் சிறு படகில் சத்தமில்லாமல் செல்வார். விளக்கொளியில் கரையிலுள்ள மான் திகைத்து நிற்கும். வேட்டைக்காரர்கள் அந்த நொடியில் சுடுவார்கள். ஷைராஸ் ஒளித்தூளைக் கொளுத்திப் படமெடுத்தார். இளமையில் அவரும் வேட்டைக்காரர்தான். தாமே காமிராவுக்குப் பின்னால் நிற்கத் தேவையில்லாதபடி, விலங்கு வந்து கம்பியை இழுத்தால் படம் விழும் பொறியையும் அமைத்தார். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய இரவுப் படங்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1904இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் கண்காட்சியிலும் அவர் பரிசு பெற்றார். கானுயிர்ப் படம் பரிசுக்குரிய பொருளாக மேடை ஏறிய காலம் இது எனலாம். 1906ஆம் ஆண்டு ஜூலையில் நேஷனல் ஜியாகிராஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. அறிவு நூலைப் படப்புத்தகம் ஆக்கிவிட்டார்கள் என்று சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருவர் விலகிக்கொண்டதாகச் சொல்வார்கள். அன்றைக்குக் கோபித்துக்கொண்டவர்கள் இன்றைக்கு அந்த இதழைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ!

இதற்கு நேர்மாறான வழியும் அப்போதே தொடங்கிவிட்டது. ஜெர்மானியரான ஷில்லிங்ஸ் கிழக்கு ஆப்பிரிக்காவில் இரவில் சிங்கங்களைப் படமெடுத்தார். 1905இல் உலகப் புகழ் பெற்ற அவருடைய நூலின் பெயரிலேயே ஒளிவிளக்கும் துப்பாக்கியும் சேர்ந்தே இருந்தன. சிங்கத்தை வரவழைக்க உயிருள்ள மாட்டையோ கழுதையையோ கட்டிவைத்தார். சிங்கம் பாயும் நொடியில் படம் விழுந்தது. மக்கள் வியந்து பார்த்தார்கள். கட்டிப் போடப்பட்ட மாட்டைப் பற்றி அன்று கேட்டவர்கள் மிகக் குறைவு. இரை வைத்தீர்களா என்று இன்று நடுவர் கேட்கும் கேள்விக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் வனத்துறை அதிகாரியாக இருந்த சாம்பியன் வேறு வழியில் போனார். புலி நடந்து பழகிய தடத்தைக் கண்டறிந்து, காலில் படும்படி மெல்லிய கம்பியைக் கட்டினார். புலி தன் வழியே நடந்தது. தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது. 1927இல் அவருடைய நூல் வெளிவந்தது. ஒவ்வொரு புலியின் உடல் வரியும் மற்றொன்றின் வரியைப் போல இருப்பதில்லை என்பதையும், படத்தைக் கொண்டு இன்ன புலி என்று அடையாளம் சொல்லலாம் என்பதையும் அவர் கண்டார். இந்தச் செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நம் நாட்டுக் காட்டைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

நம் மலாயாவிலும் துப்பாக்கிதான் முதலில் காட்டுக்குள் போனது. தியோடர் ஹப்பாக் 1895இல் இங்கு வந்து, ரப்பர் தோட்டத் துரையாகவும் இருந்தவர். கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஹப்பாக்கின் சகோதரர். யானை வேட்டையையும் செலாடாங் என்று நாம் சொல்லும் காட்டெருது வேட்டையையும் பற்றி 1905இல் நூல் எழுதினார். அதே மனிதர் பிற்காலத்தில் காட்டு விலங்குகளுக்காக வாதாடும் காவலராக மாறினார். தோட்டங்கள் பெருகப் பெருக விலங்குகளுக்கு இடமில்லாமல் போவதை அவர் கண்ணாரக் கண்டவர். அவர் முன்னின்று நடத்திய விசாரணைக் குழுவின் அறிக்கை 1932இல் வெளிவந்தது. பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் சேர்ந்து 1938, 1939ஆம் ஆண்டுகளில் ஒதுக்கிய தேசியப் பூங்காவே இன்றைய தாமான் நெகாரா. 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காடு இல்லாவிட்டால், நம் நாட்டில் படமெடுக்கப் புலி எங்கே இருக்கும்?

காமிராவையே முதன்மையாகக் கொண்ட ஒருவரைத் தேடினால், கோலாலம்பூரில் பிறந்த லோக் வான் தோ கிடைக்கிறார். லோக் இயூவின் மகனாக 1915இல் பிறந்தவர். கேத்தே திரையரங்குகளின் உரிமையாளர் என்றே பலரும் அறிவார்கள். நம் பெரியவர்கள் அந்தக் கொட்டகைகளில் எத்தனை படம் பார்த்திருப்பார்கள்! ஆனால் அவருடைய உள்ளம் பறவைகளிடம் இருந்தது. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரை நெருங்கியபோது அவர் ஏறிச் சென்ற கப்பல் குண்டுவீச்சுக்கு ஆளானது. தீக்காயம் பட்டுச் சில காலம் கண்பார்வையே இல்லாமல் இருந்தார். உயிர் தப்பி இந்தியா சேர்ந்த பிறகு, பம்பாயில் பறவை அறிஞர் சலீம் அலியின் நட்புக் கிடைத்தது. இருவரும் காடு மலைகளில் சேர்ந்து அலைந்தார்கள். சலீம் அலியின் ஆய்வுப் பயணங்களுக்கு லோக் பொருளுதவியும் செய்தார். அவருடைய பறவைப் பட நூல் 1957இல் வெளிவந்தது. 1964ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் தைவானில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். ஒரு காலத்தில் பார்வையை இழந்திருந்த மனிதர், பார்ப்பதற்காகவே பிற்பாடு இத்தனை பொழுதைச் செலவிட்டார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஏறக்குறைய இதே காலத்தில் தமிழகத்தில் மா. கிருஷ்ணன் இருந்தார். தொடக்ககாலத் தமிழ் நாவலாசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவால் கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தார். அந்தக் காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். இயற்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியது போலவே தமிழிலும் எழுதினார். ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பு கிடைத்தால் ஆசிரியர்கள் வாங்கிப் பள்ளி நூலகத்தில் வைக்கலாம். விலங்கைப் பற்றி எளிய தமிழில் எழுதுவது எப்படி என்பதற்கு அது நல்ல பாடநூல்.

பறவைப் படக்காரர்கள் அந்நாளில் பெரும்பாலும் கூட்டருகேதான் காத்திருந்தார்கள். காரணம் எளிது. பறவை எங்கே பறக்கும் என்று தெரியாது. ஆனால் குஞ்சு இருக்கும் கூட்டுக்குத் திரும்பி வந்தே தீரும். இதில் படமெடுப்பவருக்கும் ஆபத்து உண்டு. எரிக் ஹாஸ்கிங் என்ற ஆங்கிலப் பறவைப் படக் கலைஞரை 1937இல் ஓர் ஆந்தை தாக்கியது. கூட்டருகே இருட்டில் வந்த அவரது முகத்தில் நகம் பட்டு இடது கண் போயிற்று. அவர் ஆந்தையைக் குறை சொல்லவில்லை. ஒற்றைக் கண்ணோடு மேலும் பல ஆண்டுகள் பறவைகளைப் படமெடுத்தார். பறவைக்குள்ள ஆபத்து இதைவிடப் பெரிது. காமிராவுக்கு மறைக்கிறது என்று இலையை ஒதுக்கினால், வெயில் குஞ்சின்மேல் நேராக விழும்; காகத்துக்கும் பாம்புக்கும் கூடு கண்ணில் படும். கூட்டுப் படங்களை இன்று பல போட்டிகள் ஏற்க மறுப்பதற்கு இதுவே காரணம்.

இனிப் போட்டிக்கு வருவோம். இன்று உலகில் பெயர் பெற்ற கானுயிர்ப் படப் போட்டி இலண்டனில் 1965இல் தொடங்கியது. ‘அனிமல்ஸ்’ என்ற இதழ் அதை நடத்தியது. பின்னாளில் பி.பி.சி. வைல்ட்லைஃப் என்று பெயர் மாறியது அந்த இதழ்தான். முதலாண்டில் மூன்றே பிரிவுகள். வந்த படங்கள் சில நூறு. முதற்பரிசு ஓர் ஆந்தைப் படத்துக்குக் கிடைத்தது. பரிசை வழங்கியவர் டேவிட் அட்டன்பரோ. நம் வீடுகளில் ஆந்தை அலறினால் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். ஆனால் செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்க நிர்வாகமே ஆந்தைக்குப் பெட்டி அடித்துக் கம்பத்தில் ஏற்றி வைத்திருக்கிறதே! 1984இல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அந்தப் போட்டியில் சேர்ந்த பிறகு அது பெருகியது. 2025ஆம் ஆண்டில் வந்த படங்கள் 60,000க்கும் அதிகம்.

பிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்கள்தாம். கழுவிப் பார்க்கும்வரை விழுந்ததா இல்லையா என்று தெரியாது. இலக்கக் காமிரா வந்ததும் அந்தக் கட்டுப்பாடு போயிற்று. நொடிக்குப் பல படங்கள் எடுக்கலாம், கணினியில் திருத்தலாம். போட்டியாளர் பெருகினர். பரிசும் புகழும் பெரிதாயின. அத்துடன் சோதனையும் வந்தது.

2009இல் முதற்பரிசு பெற்ற படம் ஓர் ஓநாய்ப் படம். நிலவு போன்ற ஒளியில் ஓநாய் ஒன்று மரக்கதவைத் தாண்டிக் குதிக்கிறது. பார்த்தவர்கள் மெய்ம்மறந்தனர். பிறகு சிலர் கேட்டார்கள்: கதவுக் கம்பிகளின் இடையே நுழைந்து போகக்கூடிய ஓநாய் எதற்காகச் சிரமப்பட்டு மேலே தாவுகிறது? விசாரித்ததில், ஸ்பெயின் நாட்டு விலங்குப் பூங்கா ஒன்றில் பழக்கி வளர்த்த ஓநாயாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்று நடுவர்கள் முடிவு செய்தனர். படமெடுத்தவர் மறுத்தார். 2010 ஜனவரியில் பரிசு பறிக்கப்பட்டது. அந்த ஓநாய் வளர்ந்த விலங்கு என்று முதலிலேயே சொல்லியிருந்தால் போட்டியிலேயே சேர்த்திருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அழகான படம் என்ற பெயராவது நின்றிருக்கும்.

அடுத்தது 2017இல். பிரேசில் நாட்டு எமாஸ் தேசியப் பூங்காவில் இரவில் ஒரு கறையான் புற்று. புற்றின் மேல் வண்டுப் புழுக்கள் பச்சை நிறத்தில் மின்னுகின்றன. புற்றை நோக்கி ஓர் எறும்புண்ணி வருகிறது. ஒரு பிரிவில் இந்தப் படம் பரிசு பெற்றது. 2018 ஏப்ரலில் அருங்காட்சியகம் அதை நீக்கியது. பூங்காவின் வரவேற்பகத்தில் வைத்திருந்த பஞ்சடைத்த எறும்புண்ணியின் மயிர்க் கோடுகளும் படத்திலிருந்த எறும்புண்ணியின் கோடுகளும் ஒத்திருந்ததை வல்லுநர் ஐவர் தனித்தனியே ஆராய்ந்து சொன்னார்கள். இவரும் மறுத்தார். ஆனால் முடிவு மாறவில்லை.

பரிசு போனதோடு இதை முடித்துவிட முடியாது. இரவில் எறும்புண்ணி அந்த ஒளிரும் புற்றைத் தேடி வருகிறது என்பது ஒரு செய்தி. படத்தைப் பார்த்த பள்ளிப் பிள்ளை அதை உண்மை என்று நம்பும், ஆசிரியர் வகுப்பில் சொல்வார், புத்தகத்தில் ஏறும். ஓவியன் பறக்கும் யானையை வரைந்தால் யாரும் ஏமாறுவதில்லை. புகைப்படத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் பொய்ச் சாட்சி இங்கே அவ்வளவு பெரிய குற்றமாகிறது. இப்போது கணினியே கேட்டபடி புலியை வரைந்து தருகிறது. நடுவர்கள் மூலப் பதிவைக் கேட்பது முன்னைவிட அவசியமாகிவிட்டது.

நம் வட்டாரமும் இதற்கு விலக்கில்லை. மழையில் இலையைக் குடையாகப் பிடித்திருக்கும் தவளை, முதலையின் மேல் சவாரி செய்யும் தவளை என்றெல்லாம் இந்தோனேசியாவிலிருந்து வந்த படங்கள் செய்தித்தாள்களில் பரவின. தவளையின் இயல்பு அறிந்தவர்கள் அவை ஏற்பாடு செய்து எடுத்தவையாக இருக்கும் என்று கண்டித்தார்கள். பக்கத்துச் சிங்கப்பூரில் கழுகு பாய்ந்து மீன் பிடிக்கும் காட்சிக்காக, மீனின் வயிற்றில் நுரைப்பஞ்சைத் திணித்து மிதக்கவிட்டதாகச் செய்தி வந்தது. மீனோடு பஞ்சையும் கழுகு விழுங்கும் அல்லவா? அங்கு 2020ஆம் ஆண்டு ஜூன் முதல் காட்டுயிர்களுக்கு உணவிடுவதே சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளிவரை அபராதம்.

தோட்டப் பள்ளியிலேயே இந்தச் சிக்கல் நமக்கு நேர்ந்தது. அறிவியல் வாரத்தில், பெற்றோரின் கைப்பேசியால் எடுத்த இயற்கைப் படங்களுக்கு ஒரு சிறு போட்டி வைத்தோம். ஓணான், சிலந்தி வலை, லாலான் பூ, செம்பனையில் தொற்றிய பெரணி என்று முப்பது படங்களுக்குமேல் வந்தன. அவற்றுள் செம்பருத்தி வேலியிலிருந்த ஒரு கொண்டைக்குருவிக் கூட்டின் படம் எல்லாவற்றையும்விடத் தெளிவு. மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்திருந்தன. எடுத்தவன் ஐந்தாம் ஆண்டு மாணவன். இத்தனை வெளிச்சம் எப்படி வந்தது என்று கேட்டோம். “இலை மறைச்சிச்சு சார். ராஃபியா கயிறு போட்டு இழுத்துக் கட்டினேன். எடுத்து முடிச்சதும் அவுத்துட்டேன் சார்” என்றான். குஞ்சுகள் என்ன ஆயின என்று கேட்டதற்கு, இரண்டு நாளைக்குப் பிறகு கூடு காலியாக இருந்தது என்றான். குஞ்சுகள் பறந்துபோகும் வயதை எட்டவில்லை என்பது படத்திலேயே தெரிந்தது.

ஆசிரியர் அறையில் அன்று பெரிய வாக்குவாதம். கூட்டைக் கெடுத்தவனுக்குப் பரிசா என்றார் ஒருவர். “உண்மையைச் சொன்ன பிள்ளைக்குத் தண்டனையா? அப்புறம் எவன் உண்மை சொல்வான்?” என்றார் இன்னோர் ஆசிரியை. விதித்தாளை எடுத்துப் பார்த்தோம். கூடு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இல்லாத விதியை மீறியதாக யாரையும் தள்ள முடியாது என்று முடிவாகி, அவனுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. படத்தின் கீழே அது எப்படி எடுக்கப்பட்டது, கூடு என்ன ஆயிற்று என்பதை அவனே எழுதி ஒட்டினான். அடுத்த ஆண்டு விதித்தாளில் கூடுகளைப் படமெடுக்கக் கூடாது என்ற வரி சேர்ந்தது. இலண்டனில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருவது, ஒரு தோட்டப் பள்ளியில் ஒரு வாரத்தில் நடந்தது.

விதிக்கு உட்பட்டு எடுத்தால் படம் சோபிக்காது என்று சிலர் சொல்வார்கள். 2016இல் இலண்டன் போட்டியில் முதற்பரிசு பெற்ற படத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அது நம் அண்டைக் காட்டில் எடுத்தது. போர்னியோவில் இந்தோனேசியப் பகுதியிலுள்ள குனோங் பாலோங் தேசியப் பூங்காவில், 30 மீட்டருக்குமேல் உயர்ந்த மரத்தைச் சுற்றிப் பின்னிய அத்தி வேரைப் பற்றிக்கொண்டு ஓர் ஓராங் ஊத்தான் மேலே ஏறுகிறது. அதன் தலைக்குமேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறோம். காடு முழுவதும் கீழே விரிகிறது. எடுத்தவர் டிம் லேமன் என்ற உயிரியல் அறிஞர். அத்திப்பழம் தின்ன அது திரும்ப வரும் என்று அறிந்து, மூன்று நாள் கயிற்றில் ஏறி இறங்கி, மரத்தில் சிறு காமிராக்களைப் பொருத்தினார். பிறகு கீழே நின்று தொலைவிலிருந்தே இயக்கினார். விலங்கை அவர் அழைக்கவில்லை. அது எப்போது எங்கே வரும் என்பதைப் பல ஆண்டுப் பழக்கத்தால் அறிந்திருந்தார். 2020இல் பரிசு பெற்ற இரஷ்யப் புலிப் படத்துக்கும் இதே கதைதான். காட்டில் வைத்த தானியங்கிக் காமிரா 11 மாதங்களுக்குமேல் காத்திருந்த பிறகே, புலி மரத்தைத் தழுவும் அந்தக் காட்சி விழுந்தது.

இப்போது சாம்பியனின் கம்பிப் பொறிக்கு வருவோம். கம்பிக்குப் பதில் உடல் வெப்பத்தையும் அசைவையும் உணரும் கருவி வந்துவிட்டது. மற்றபடி முறை அதுவேதான். வரியைக் கொண்டு புலியை அடையாளம் கண்டு, எத்தனை புலிகள் என்று கணக்கிடும் வழியை 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் காரந்த் உருவாக்கினார். மலேசியாவில் 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பும் இத்தகைய காமிராக்களைக் கொண்டே நடந்தது. காட்டில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்று தெரிய வந்தது. அரசாங்கச் சின்னத்தில் இரண்டு பக்கமும் தாங்கி நிற்கும் விலங்கின் கணக்கு இது. இந்தப் படங்களுக்கு எந்தப் போட்டியிலும் பரிசில்லை. பலவற்றில் வால் மட்டும் இருக்கும். சிலவற்றில் மழைத்துளிதான் இருக்கும். ஆனால் ஒன்றுகூடப் பொய்யாக இருக்கக் கூடாது. ஒரே புலியை இரண்டாக எண்ணினாலும் கணக்குக் கெட்டுவிடும்.

சிறுத்தையை எண்ணுவதில் நம் தீபகற்பத்தில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. கிரா பூசந்திக்குத் தெற்கே சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. புலிக்கு வரி உண்டு. கருஞ்சிறுத்தையை எதைக் கொண்டு அடையாளம் காண்பது? திரங்கானுவில் கென்யிர் ஏரியை ஒட்டிய காட்டில் ஆராய்ந்தவர்கள் ஓர் எளிய உபாயம் செய்தார்கள். காமிராவின் ஒளியுணரியை மூடிவிட்டார்கள். பகலிலும் இரவு என்று எண்ணிக்கொண்டு, அந்தக் கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் படமெடுத்தது. வெறும் கறுப்பாக இருந்த தோலில் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இது ஒன்று, இது மற்றொன்று என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. அந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது.